ஃபெஸ் நகரில் மகளுக்கு ஓர் அறை

1

போன வாரம் திசையன்விளையிலிருந்து ஒருவர் போன் செய்தார். முருங்கைக்காய் மொத்த வியாபாரி. முன்பின் பழக்கம் கிடையாது. என் நம்பரை யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறார்.

"அண்ணாச்சி, மவனுக்கு இப்பத்தான் கல்யாணம் முடிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் மொராக்கோவுக்குப் போவணும்னு ஒத்தக் கால்ல நிக்காவ. ஃபெஸ்ஸுனு ஒரு பழைய ஊராமே. அங்கன நீங்க இருக்கியன்னு ஒங்க ஊரு சேரன்மாதேவில சொன்னாவ. எந்தப் பக்கம் தங்குனா பிள்ளைகளுக்கு நல்லது?"

இந்தக் கேள்வி தினமும் என் காதில் விழுவதுதான். நான் வேலை பார்க்கும் ஹோட்டலுக்கு இந்தியாவிலிருந்து சுற்றுலாக் கூட்டம் வரும். அவர்களுக்குச் சோறும் சாம்பாரும் ஆக்கிப்போடுவதுதான் என் வேலை. அடுத்த தடவை சொந்தமாக வந்தால் எங்கே தங்கலாம் என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் அன்றைக்கு, "விசாரிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று போனை வைத்துவிட்டேன்.

ஊர்க்காரர்களில் இதே கேள்வியைக் கடைசியாக என்னிடம் கேட்டவள் என் மகள். அவள் வந்துபோய் அடுத்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகப்போகிறது.

2

முதலில் அவர் கேட்டதற்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

ஃபெஸ்ஸில் பழைய ஊர், புது ஊர் என்று இரண்டு உண்டு. புது ஊர் பிரெஞ்சுக்காரன் போட்டது. அகலமான ரோடு, லிஃப்ட் வைத்த ஹோட்டல் எல்லாம் இருக்கும். எங்கள் வாடகை வீடும் அங்கேதான், மூன்றாவது மாடியில். ஆனால் இங்கே தங்குவதற்காக யாரும் கடல் தாண்டி வரமாட்டார்கள். எல்லோருக்கும் மதிலுக்குள்ளே இருக்கிற பழைய ஊர்தான் வேண்டும். அங்கே கார் போகாது. சந்துகளில் கழுதையும் கோவேறு கழுதையும்தான் சரக்குச் சுமக்கும். பின்னால் "பாலக்!" என்று சத்தம் கேட்டால் யோசிக்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். 'விலகு' என்று அர்த்தம். வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஒரே அரபுச் சொல் அதுதான்.

அங்கே வெளியிலிருந்து பார்த்தால் வீடு எதுவும் தெரியாது. வெறும் சுவரும் ஒரு கதவும்தான். கதவைத் திறந்தால் உள்ளே முற்றம், நீரூற்று, சுற்றிலும் அறைகள். ஜன்னல்கள் எல்லாம் முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கும். இப்படிப்பட்ட வீடுகளைத்தான் ரியாத் என்று சொல்லி வாடகைக்கு விடுகிறார்கள். டாக்ஸி வந்து நிற்கும் சதுக்கத்துக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். பெட்டியை வெகுதூரம் இழுக்க வேண்டியிருக்காது. தோல் பதனிடும் பக்கம் போய்விடக் கூடாது. சுவரில் ஓதம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டும். குளியலறைக்குள்ளே காஸ் அடுப்பு மாதிரி ஒரு சுடுதண்ணீர்ப் பெட்டி இருந்தால், புகை வெளியே போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் குளிக்கப் போனவன் திரும்பி வரமாட்டான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். புத்தகத்தில் படித்து இதையெல்லாம் சொல்லவில்லை. பயந்து பயந்து தெரிந்துகொண்டது. என் மனைவி பேச்சியம்மாள் சொல்வாள், "ஒங்களுக்கு விடிஞ்சா ஒரு பயம், பொழுதடைஞ்சா ஒரு பயம்" என்று.

3

காயல்பட்டினத்து ரத்தினக்கல் வியாபாரி ஒருவர் வீட்டில் சமையலுக்கு நின்று, அவரோடு துபாய் போய், அங்கே விருந்துக்கு வந்த மொராக்கோ முதலாளி கூப்பிட்டு இங்கே வந்தவன் நான். வேலை நிலைத்த பிறகு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டேன். கோமதிக்கு அப்போது ஏழு வயது. ஒரே பிள்ளை.

வந்த ஒன்றிரண்டு வருடத்திலேயே எங்களுக்கு நாக்கு அவள்தான் என்று ஆயிற்று. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனால் ஒரு காகிதம் குறைகிறது என்பார்கள். அதைக் கொண்டுபோனால் வேறொன்று. கவுண்டர் உயரத்துக்கு எட்டாத பிள்ளை, குதிகாலை உயர்த்திக்கொண்டு, எனக்காக பிரெஞ்சு பேசும். உள்ளே இருக்கும் அதிகாரி சிரிப்பார். நான் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். வெளியே வந்ததும், "என்னட்டி சொன்னாரு?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லப்பா, திங்கக்கெழம வரச் சொன்னாரு" என்பாள். அவர் பேசியதோ அதைவிட நீளமாக இருக்கும். மிச்சத்தை அவள் எங்கே வைத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

படிக்க லியோனுக்குப் போனாள். படித்து முடித்ததும் அங்கேயே வேலை. போனில் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. கூட வேலை பார்க்கும் ஜூலியன் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். நல்ல பையன்தான். கல்யாணத்துக்குப் போக நாங்கள் விசா கேட்டோம். ஏதோ ஒரு காகிதம் போதாதென்று மறுத்துவிட்டார்கள். இந்தத் தடவை கவுண்டரில் எங்களுக்காகப் பேச ஆள் இல்லை. மகள் கல்யாணத்தை, சோபாவில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்து, போனில் பார்த்தோம். நடுவில் இரண்டு தடவை படம் நின்றுபோனது.

அதனால் எங்களுக்கு என்று மிஞ்சியது மறுவீடு ஒன்றுதான். கல்யாணம் எங்கே நடந்தாலும் பொண்ணும் மாப்பிள்ளையும் பொண்ணு வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப் பாலும் முருங்கைக்காயும் போட்டுச் சொதி வைக்க வேண்டும். அவர்களுக்கென்று வாங்கின புதுப் பாயிலோ மெத்தையிலோ வேறு யாரும் முன்னால் படுக்கக் கூடாது. நான் ஒரு மெத்தை வாங்கி, மூன்று மாடி தூக்கிக் கொண்டுவந்து, எங்கள் அறைக் கட்டிலில் போட்டேன். நாங்கள் முன்னறையில் சுவரோரமாக இருக்கும் நீள சோபாக்களுக்கு மாறிக்கொண்டோம்.

அதற்கு அடுத்த நாள் கோமதி கூப்பிட்டாள்.

"அப்பா, மூணு ராத்திரி இருப்போம். பழைய ஊருக்குள்ள ஒரு நல்ல எடமா நீங்களே பாருங்க. ஒங்களுக்குத்தான் எல்லாந் தெரியும்."

"எடமா? எதுக்கும்மா எடம்?"

"தங்கத்தாம்ப்பா. ஒங்களுக்குச் செரமம் வேண்டாம்லா."

நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். என் அக்கா மறுவீட்டுக்கு வந்தபோது அத்தான் அப்படித்தான் சொன்னார். மழைக்காலம். ஆற்றில் வெள்ளம். எங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் ஒழுகும். "நாங்க ஜங்ஷன்ல ரூம் போட்டுக்கிடுதோம் மாமா" என்றார். சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் அப்பா, அத்தான் கையிலிருந்த டிரங்குப் பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார். அத்தான் பின்னாலேயே வந்தார். பெட்டியைப் பிடுங்கினால் ஆள் வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்திருந்தேன்.

4

பேச்சியம்மாள் என்னைவிட விவரமானவள். கோமதி சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை என்பது இவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எடம் பாக்கச் சொன்னாள்னா பாருங்க. ஆனா நல்ல எடமாப் பாத்துராதிய."

"என்னட்டி சொல்லுத?"

"ஓதம் அடிக்கிற எடமாப் பாருங்க. ஒரு ராத்திரி படுத்தாள்னா, மறுநா காலைல பெட்டியத் தூக்கிட்டு இங்கன வந்துருவா. நாம ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்."

"பெத்த பிள்ளைய…"

"பெத்த பிள்ளைய நான் என்ன ஆத்துலயா தள்ளச் சொல்லுதேன்? ஒரு ராத்திரி."

இத்ரிஸ் என்ற தரகரோடு போனேன். தரகருக்கு இங்கே 'சம்சார்' என்று பேர். சம்சாரோடு வீடு பார்க்கப் போனேன் என்று ஊரில் சொன்னால் பேச்சியம்மாளோடு போனதாக நினைப்பார்கள். அவள் வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். முதல் இடத்திலேயே காரியத்தை முடித்திருப்பாள்.

முதல் இடம் தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் பின்னால். சந்தில் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் கையில் ஒரு கொத்துப் புதினா கொடுத்தார், மூக்கில் வைத்துக்கொள்ள. அறையில் வெளிச்சம் இல்லை. சுவரில் கையை வைத்தேன். ஈரம் உள்ளங்கையில் ஒட்டியது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை ஏறியிருந்தது. பேச்சியம்மாள் கேட்ட இடம் இதுதான். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

"இதையே முடிச்சிரலாமா?" என்று இத்ரிஸ் கேட்டார். அவருக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்.

முடித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போது அந்தப் பூஞ்சை நாற்றம் தொண்டைக்குள் போயிற்று. கோமதிக்குச் சின்ன வயதில் இளைப்பு உண்டு. சேரன்மகாதேவியில் அறுப்புக் காலத்தில் வைக்கோல் தூசு பறந்தால் பிள்ளைக்கு நெஞ்சு கீச்கீச்சென்று கத்தும். நான் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்குப் போவேன். ஆற்றுக் காற்று பட்டால் பைய அடங்கும். இந்த ஊரிலும் ஓர் ஆறு இருக்கிறது. ஊருக்குள் வரும் இடத்தில் பெரும்பாலும் மூடி மேலே ரோடு போட்டுவிட்டார்கள்.

"வேற எடம் பாப்போம்" என்றேன்.

இரண்டாவது, பழைய யூதர் தெருவில். இங்கே மட்டும் வீடுகளுக்குத் தெருவைப் பார்த்த மரப் பால்கனி உண்டு. அழகுதான். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. கோமதி போன் பேசும்போது எதிலாவது சாய்ந்துகொள்வாள். இத்ரிஸிடம் தலையை ஆட்டினேன். "நீ வீடு பாக்க வந்தியா, குத்தம் பாக்க வந்தியா?" என்றார் அவர்.

மூன்றாவது, டாக்ஸி நிற்கும் சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரம். முற்றத்தில் ஓர் ஆரஞ்சு மரம், பழத்தோடு. நடத்துகிற அம்மா பேர் நஜாத். "உன் மகள் என் மகள்" என்றாள். அறைக்குள் வெயில் விழுந்துகிடந்தது. சுவரைத் தொட்டேன், காய்ந்திருந்தது. குழாயைத் திறந்தேன், சுடுதண்ணீர் வந்தது. சுடுதண்ணீர்ப் பெட்டி மொட்டைமாடியில் காற்றோட்டமாக இருந்தது. கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இங்கே வந்தவள் எதற்காக எங்கள் மூன்றாவது மாடிக்கு வருவாள்?

சுவரை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன். பிறகு சரி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். "எப்படி எடம்?"

"காஞ்ச எடம்."

"வெளிச்சமா?"

"வெளிச்சம்தான்."

அவள் நிமிரவில்லை. "அப்ப வரமாட்டா" என்றாள்.

5

விமான நிலையத்தில் அப்பா செய்ததைச் செய்தேன். வேறு எனக்கு என்ன தெரியும்? கோமதி வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மெலிந்திருந்தாள். மாப்பிள்ளை கை கொடுத்தார். நான் அவர் கையை விட்டுவிட்டுப் பெட்டியின் பிடியைப் பிடித்தேன்.

"வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். நான் என் பக்கம் இழுத்தேன். வயசான மனுசன் எதற்குச் சுமக்க வேண்டும் என்று அவருக்கு. வேண்டாம் என்கிறவனை விடக் கூடாது என்று எனக்கு. அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே கிட்டத்தில் வந்துவிட்டார்.

"அப்பா," என்றாள் கோமதி. "விடுங்கப்பா. அவங்க தூக்கிக்கிடுவாங்க. நாங்க நேரே ரூமுக்குப் போறோம். நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாரோம்."

விட்டுவிட்டேன். பிடி என் உள்ளங்கையில் சிவப்பாக வரி போட்டிருந்தது. மாப்பிள்ளை என் தோளைத் தட்டி நன்றி சொன்னார். தூக்க வந்ததற்காக.

ரியாத் வரைக்கும் கூடவே போனேன். வெளியூர்க்காரர் வந்தால் போலீசுக்கு விவரம் தர வேண்டும் என்று நஜாத் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கிருந்து வருகிறீர்கள்? எங்கே குடியிருக்கிறீர்கள்? வந்த காரணம் என்ன?

"சுற்றுலா" என்று பிரெஞ்சில் சொன்னாள் கோமதி.

பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம். ஹோட்டலில் தினமும் காதில் விழுவதால் அது தெரியும். ஏழு வயதிலிருந்து வளர்ந்த ஊருக்கு வந்த காரணம் வேறு என்ன சொல்வாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு 'மறுவீடு' என்று எந்த பாஷையில் சொல்வது?

6

மறுநாள் மத்தியானம் வந்தார்கள். பேச்சியம்மாள் விடியற்காலையிலேயே எழுந்து சொதிக்கு ஆரம்பித்துவிட்டாள். நான் சமையல்காரன்தான், ஆனால் அன்றைக்கு என்னை அடுப்பில் சேர்க்கவில்லை. தேங்காய்ப் பால் டப்பாவில் கிடைத்தது. பாசிப்பருப்பு ஹோட்டலிலிருந்து கொண்டுவந்தேன். முருங்கைக்காய் எங்கேயும் கிடைக்கவில்லை. இங்கே விற்கும் ஒரு முள்செடியின் தண்டை நாருரித்துப் போட்டாள். "ருசி வராது. பார்வைக்காவது இருக்கட்டும்" என்றாள்.

மாப்பிள்ளை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சூப் பிரமாதம் என்று கோமதியிடம் சொன்னார். அவள் எங்களுக்கு மொழிபெயர்த்தாள். இஞ்சித் துவையலில் அவருக்குக் கண் கலங்கியது. எல்லோரும் சிரித்தோம். அந்த ஒரு நேரம் நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு, கோமதி கை கழுவப் போகிற வழியில் அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். பேச்சியம்மாள் காலையிலேயே திறந்துவைத்திருந்தாள். உள்ளே மெத்தை, மேலே பிளாஸ்டிக் உறையோடு. தலைமாட்டில் இரண்டு புதுத் தலையணை. ஜன்னலில் துவைத்த திரை.

"ஐ, புது மெத்தையா?" என்றாள். "நல்லதாப் போச்சு. அம்மா முதுகு வலிக்குன்னு சொல்லிட்டே இருந்தாங்கள்லா. எப்ப வாங்குனீங்க?"

நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவள் சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான்" என்றாள். "முதுகு வலிக்குத்தான்."

நான் சொல்லியிருக்கலாம். இது உங்களுக்கு வாங்கினது, ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போ என்று. சொன்னால் இருந்துவிடுவாள். பயமே அதுதான். முகத்தைக் கொஞ்சம் ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையிடம் பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசி, கவுண்டரில் எனக்காகப் பேசினது மாதிரியே பேசி, "சரிப்பா, இருக்கோம்" என்பாள். மிச்சத்தை அவளே வைத்துக்கொள்வாள். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இருட்டும் முன்னால் கிளம்பினார்கள். படி இறங்கும்போது திரும்பி, "அப்பா, நீங்க பாத்த எடம் ரொம்ப நல்லாருக்கு. காலைல அந்த மரத்தடில உக்காந்து பரோட்டா மாதிரி ஒண்ணு சாப்பிட்டோம். அடுத்த தடவையும் அங்கதான் தங்கப் போறோம்" என்றாள்.

பேச்சியம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாடிப்படியில் சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு, "நல்லாத்தான் பாத்திய" என்று சொல்லி உள்ளே போனாள்.

7

அந்த மெத்தையில் இதுவரைக்கும் யாரும் படுக்கவில்லை. உறையைக்கூடப் பிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் முன்னறை சோபாவில்தான், ஆளுக்கொரு சுவரோரமாக. இப்போது முதுகு வலி எனக்கும் வந்துவிட்டது. டாக்டர் நல்ல மெத்தையில் படுக்கச் சொல்கிறார். பேச்சியம்மாள் அந்த அறையைத் தினமும் பெருக்குகிறாள். பாலைவனத்துத் தூசு ஜன்னலை அடைத்தாலும் வந்துவிடும். உறையின் மேல் ஈரத்துணி போட்டுத் துடைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோமதி கூப்பிடுகிறாள். அம்மாவுக்கு முதுகு எப்படி என்று கேட்கிறாள். பரவாயில்லை என்கிறோம்.

திசையன்விளைக்காரரிடம் விசாரித்துச் சொல்லுகிறேன் என்று சொன்னேன் இல்லையா, நேற்று அவரே மறுபடி கூப்பிட்டார். முருங்கைக்காய் விலை, மழை இல்லாதது, கல்யாணப் பந்தல் என்று எங்கெங்கோ சுற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்பிடாது. லாட்ஜுலாம் புதுப்பொண்ணுக்குச் சரிப்பட்டு வராதுன்னு வீட்ல சொல்லுதா. பாஷை தெரியாத ஊரு. நம்மாளு வீடு ஒண்ணு இருக்கும்போது… ரெண்டே ரெண்டு ராத்திரி. ஒரு மூலைல கெடந்துக்கிடும் பிள்ளைக. நல்ல எளங்காயாப் பாத்து முருங்கைக்கா குடுத்து விடுதேன்."

பேச்சியம்மாள் அறைக்குள் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி நின்றது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். நான் அவளைப் பார்த்தேன். அவள் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இல்லை என்று தலையை அசைத்தாள். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் யாரும் ஊர்க்காரனுக்கு இடமில்லை என்று சொன்னது கிடையாது. ஒழுகின வீட்டிலேயே சொன்னதில்லை.

"வீடு ரொம்பச் சின்னது அண்ணாச்சி" என்றேன். "ஒரே ஒரு அறைதான். ஆளு இருக்கு."

"சரி, சரி. அதுக்கென்ன" என்றார் அவர். குரல் விழுந்துவிட்டது. "அப்ப எடம் மட்டும் ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. முருங்கைக்கா எப்படியும் வரும்."

நஜாத் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். டாக்ஸி எங்கே நிற்கும், எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், பாலக் என்றால் என்ன, எல்லாம் சொன்னேன். போனை வைத்தேன்.

"எந்த எடம் சொன்னிய?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஆரஞ்சு மரத்து வீடுதான்."

"நல்ல எடம்" என்றாள் பேச்சியம்மாள். துணியை வாளியில் முக்கிப் பிழிந்து, மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.